சைமன் பிலிப்ஸைத் தேடிப்போய் நல்லூரில் நின்ற கதை

மெற்றல் கேட்கிற ஆட்களுக்கு ஒரு வருத்தம் இருக்கு. பாட்டைக் கேட்டதோட நிக்கமாட்டம். ஆர் டிறம்ஸ் அடிச்சது, ஆர் தயாரிச்சது, அந்த ஆள் வேற எந்த அல்பத்தில இருக்கிறார் எண்டு கிண்டிக்கொண்டே போவம். இந்தக் கட்டுரையும் அப்பிடிக் கிண்டினதில வந்ததுதான்.

1977இல் ஜூடாஸ் பிறீஸ்ற் 'சின் ஆஃப்டர் சின்' அல்பத்தை வெளியிட்டபோது அவர்களிடம் நிரந்தர டிறம்மர் இல்லை. சம்பளத்துக்கு வந்து ஸ்டூடியோவில் அடித்துக்கொடுத்தவர் சைமன் பிலிப்ஸ். ஒலிப்பதிவு நேரம் அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 'கோல் ஃபோர் த பிறீஸ்ற்' பாட்டில் இரண்டு கால்களாலும் பாஸ் டிறம்மை ஓடவிடுகிறார், கேட்டுப்பாருங்கோ. பிறகு ஸ்பீட் மெற்றலும் திறாஷும் தங்கட சீதனக் காணி மாதிரி எடுத்துக்கொண்ட வேலை அது. அந்த அல்பத்தின் கடைசிப் பாட்டு 'டிசிடென்ற் அக்றெசர்'. அதை 1988இல் ஸ்லேயர் திரும்ப வாசித்தது. பிலிப்ஸை நிரந்தரமாகச் சேரச் சொல்லி பிறீஸ்ற் கேட்டது. அவர் மாட்டன் எண்டுட்டார்.

சரி, அதுக்குப் பிறகு ஆள் எங்க போனார்? பல இடம். அதில் ஒன்று 1979இல் வந்த 'ரச் மீ தெயர்' என்ற அல்பம். தயாரித்தவர் ஃபிராங் ஸாப்பா. வெளியிட்டது ஸாப்பாவின் சொந்த நிறுவனம். அட்டையில் இருக்கிற பெயர் ஒரேயொரு சொல்: ஷங்கர்.

சிதார் ரவி ஷங்கர் இல்லை. ரவி ஷங்கரின் அண்ணன் மகன் ஆனந்த ஷங்கரும் இல்லை, அவர் வேறு றொக் அல்பங்கள் செய்தவர். சினிமா டிரெக்டரும் இல்லை. இவர் எல். ஷங்கர், வயலின்காரர். இந்தப் பெயர்க் குழப்பமே இந்த அல்பம் மறந்துபோனதுக்குப் பாதிக் காரணம் எண்டு நான் நினைக்கிறன். இணையத்தில் ஷங்கர் எண்டு அடிச்சால் இவர் வர எத்தனை பக்கம் தாண்ட வேணும் எண்டு நீங்களே பாருங்கோ. பிற்காலத்தில் அவரே தன் பெயரின் ஆங்கில எழுத்தை மாற்றி ஷென்கர் ஆனார்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். 'ரச் மீ தெயர்' மெற்றல் அல்பம் இல்லை. றொக் அல்பம், அதிலும் ஒரு விசித்திரமான றொக் அல்பம். ஆனால் மெற்றலில் நாங்கள் எதை மெச்சுகிறோமோ, அதாவது வேகம், கணக்கு, ஒரு வாத்தியத்தை அதன் எல்லைக்குத் தள்ளுகிற கைப்பழக்கம், அதெல்லாம் இதில் வேறொரு வழியால் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வழி யாழ்ப்பாணத்துக்குள்ளால போகுது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஷங்கர் பிறந்தது 1950இல் சென்னையில். வளர்ந்தது இலங்கையில். தகப்பன் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வயலின் வித்துவான். தாய் சீதாலட்சுமி வீணை வாசிப்பவர். அந்தக் காலத்தில் பாக்குநீரிணை இப்போது போல அகலமாக இருக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வித்துவான்கள் வருவார்கள், கோயில் திருவிழாக்களில் வாசிப்பார்கள், சிலர் தங்கிப் படிப்பிப்பார்கள். லட்சுமிநாராயணா தங்கினவர். வயலின் பாட்டுக்குப் பின்னால் போகிற பக்கவாத்தியம் மட்டுமில்லை, தனியாகவும் முன்னுக்கு வரலாம் என்பது அவருடைய பிடிவாதம். அதைப் பிள்ளைகளில் பரீட்சித்துப் பார்த்தார். மூன்று மகன்களும் வயலினை எடுத்துக்கொண்டு மூன்று திசையில் போனார்கள்.

மூத்தவர் எல். வைத்தியநாதன் சினிமாவுக்குப் போனார். 'மால்குடி டேய்ஸ்' தொடரின் அந்த முகப்பு இசை அவருடையது. நடு ஆள் எல். சுப்பிரமணியம் டொக்டருக்குப் படித்துவிட்டு உலகம் சுற்றும் வயலின்காரரானார். கடைசி ஷங்கர். இரண்டு வயதில் பாட்டு, ஐந்து வயதில் வயலின், ஏழு வயதில் மிருதங்கம். முதல் கச்சேரியும் ஏழு வயதில்தான், நல்லூர் கந்தசுவாமி கோயிலில்.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. 1950ஓட ஏழைக் கூட்டினால் 1957. அடுத்த வருசம் 1958.

1958 மே மாதம் கொழும்பில் நடந்ததை வெள்ளவத்தையில் வளர்ந்த ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 83ஐப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு வீடுகளில் 58ஐப் பற்றிக் கதைக்கிறது குறைவு, ஆனால் கதை இருக்கு. வெள்ளவத்தையிலும் இரத்மலானையிலும் வீடுகள் தாக்கப்பட்டன. றோயல் கல்லூரி அகதி முகாமானது. ஆயிரக்கணக்கான சனம் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டது. மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. தெற்கிலிருந்து சனம் வடக்கே வந்து இறங்கிய அந்தக் காலத்தில், வடக்கில் இருந்த இந்தக் குடும்பம் கடலைத் தாண்டி சென்னைக்குப் போனது. நல்லூரில் வாசித்த பெடியன் திரும்ப எங்களுக்குச் சொந்தமாக வரவில்லை.

அந்த வருசத்தில் போனதை நாங்கள் எண்ணுகிறபோது உயிர், வீடு, கடை, உத்தியோகம் என்று எண்ணுவோம். ஒரு வாத்தியார் போனால் என்ன போகும் என்று எண்ணுவதில்லை. ஒரு லட்சுமிநாராயணா இன்னும் இருபது வருசம் யாழ்ப்பாணத்தில் இருந்திருந்தால், 'வயலின் தனியாக முன்னுக்கு வரலாம்' என்ற அந்தப் பிடிவாதத்தோடு எத்தனை மாணவர் வந்திருப்பினம்? இதுக்குப் பதில் இல்லை. ஆனாலும் கேள்வியை விடேலாது.

சென்னையில் ஷங்கர் பௌதிகம் படித்து பி.எஸ்.சி. முடித்தார். 1969இல் அமெரிக்கா. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையியல், 1974இல் கலாநிதிப் பட்டம். ஆய்வின் தலைப்பு, தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கிற கலை. இது சும்மா தகவல் இல்லை. கர்நாடக பக்கவாத்தியக்காரர் ஒரு நிழல் மாதிரி. பாடகர் இந்த நொடியில் கற்பனையாகப் போடுகிற சங்கதியை அடுத்த நொடியில் பிடித்து, அதே வளைவோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒத்திகை இல்லை, எழுதின தாள் இல்லை. அப்படிப் பழகின காதையும் கையையும் ஒரு றொக் கிற்றார்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன நடக்கும்?

நடந்தது. அந்தக் கிற்றார்காரர் ஜோன் மக்லாக்லின். மகாவிஷ்ணு ஒர்கெஸ்ட்ராவில் மின்கிற்றாரை உச்ச சத்தத்தில், 1971இல், எவரும் அதுவரை போகாத வேகத்தில் வாசித்த ஆள். வெஸ்லியனில் வீணை பழக வந்த இடத்தில் இருவருக்கும் பழக்கமானது. ஸாகிர் ஹுசைனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம் சேர, சக்தி என்ற குழு பிறந்தது. முதல் அல்பம் 1975 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவானது. முதல் பாட்டு 'ஜோய்', பதினெட்டு நிமிடம். கிற்றாரும் வயலினும் ஒரே வரியை ஒன்றாக, மூச்சு விடாமல் ஓடுகிற இடங்கள் அதில் வரும். அந்த இடத்தை ஒரு மெற்றல் ரசிகருக்குப் போட்டுக்காட்டி, மின்சாரம் இல்லாமல் இதைச் செய்திருக்கினம் எண்டு சொல்லிப் பாருங்கோ.

இதில் ஒரு தொழில்நுட்ப விசயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கிற்றாரில் மெட்டுகள் உண்டு, சுரம் படிப்படியாகத்தான் போகும். இடையில் வளைக்க வேண்டுமென்றால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வயலினில் மெட்டு இல்லை, விரல் வழுக்கிக்கொண்டே போகலாம். அதிலும் எங்கள் ஆட்கள் சம்மணம் கட்டி இருந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். மேற்கத்தேய முறையில் போலத் தாடையாலும் கையாலும் வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை. இடது கைக்குப் பிடிக்கிற வேலை இல்லை, வழுக்குகிற வேலை மட்டும்தான். கமகம் அங்கே இருந்துதான் வருகிறது. மக்லாக்லின் இதை எதிர்கொள்ள என்ன செய்தார் தெரியுமா? கிற்றாரின் மெட்டுகளுக்கு இடையில் இருக்கிற மரத்தைக் குழியாகச் சீவினார். இப்போது தந்தியை வீணை போல உள்ளுக்கு அமத்திச் சுரத்தை வளைக்கலாம். இங்வே மால்ம்ஸ்டீனின் கிற்றாரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழி தெரிந்திருக்கும். மால்ம்ஸ்டீனுக்கு அந்த யோசனை வந்த வழி வேறு. ஆனால் தேவை ஒன்றுதான்: மெட்டுக்குள் அடைபட்ட சுரத்தை வெளியில் எடுப்பது. வெள்ளவத்தையில் வீணை வகுப்புக்குப் போகிற தங்கச்சியிடம் கேட்டால் அவ இதை ஒரு நிமிடத்தில் விளங்கப்படுத்துவா.

சக்தி மூன்று அல்பத்தோடு நின்றது. ஷங்கர் ஸாப்பாவிடம் போய்ச் சேர்ந்தார்.

இனி அல்பத்துக்கு வருவம். ஒரு பக்கம் லண்டன் ஸ்டூடியோ ஆட்கள்: பிலிப்ஸ் டிறம்ஸ், பில் பால்மர் கிற்றார். நடுவில் ஷங்கரின் வயலின். பின்னால் ஸாப்பா, சில பாடல்களுக்கு வரி எழுதினவரும் அவர்தான். முதல் பாட்டு 'டெட் கேள்ஸ் ஒஃப் லண்டன்'. அதை முதலில் பாடினது வான் மொரிசன். ஒப்பந்தச் சிக்கலால் அந்தக் குரலை வெளியிட முடியாமல் போக, ஐக் வில்லிஸும் ஸாப்பாவும் பாடிய வடிவம்தான் அல்பத்தில் வந்தது. ஸாப்பா தன் பெயரைப் போடாமல் ஸ்டக்கோ ஹோம்ஸ் என்று ஒரு கள்ளப் பெயர் போட்டார். இது வழமையான ஸாப்பாக் குசும்பு.

அந்தப் பாட்டின் வரிகள் எனக்குப் பிடிக்கவில்லை. லண்டன் பெண்களை நக்கல் அடிக்கிற வரிகள், தலைப்புப் பாட்டும் பெரிய திறம் இல்லை. 70களின் றொக்கில் இதெல்லாம் பகிடியாக ஓடியது, இப்ப கேட்டால் ஒரு மாதிரித்தான் இருக்கு. பெரியவர் செய்தால் கலை எண்டு சொல்லி நாங்கள் தலையாட்டத் தேவையில்லை. ஸாப்பாவின் நையாண்டியும் ஷங்கரின் வாசிப்பும் சில இடங்களில் ஒன்றோடொன்று கதைப்பதே இல்லை. ஒரு கலியாண வீட்டில் இரண்டு பக்கத்து ஆட்களும் தனித்தனி மேசையில் இருக்கிற மாதிரி.

ஆனால் வாய்ப்பாட்டு விலகி வயலின் முன்னுக்கு வருகிற இடங்கள் வேற உலகம். 'வின்டி மோர்னிங்', 'டார்லீன்' இரண்டையும் முதலில் கேளுங்கோ. வயலின் ஒரு கிற்றார் சோலோ செய்கிற வேலையைச் செய்கிறது, ஆனால் கிற்றாரைப் போல நடிக்கவில்லை. அந்தக் காலத்து றொக் வயலின்காரர் பலர் வயலினை மின்சாரத்தில் கொடுத்து, கிற்றார் மாதிரிக் கத்த வைத்தார்கள். ஷங்கர் வில்லை இழுக்கிற இடத்தில் வாய்ப்பாட்டு இருக்கிறது. ஒரு சுரத்தில் நிற்கும்போதும் அது சும்மா நிற்பதில்லை, மேலும் கீழும் அசைந்துகொண்டே நிற்கும். கீழே டிறம்ஸ் நேர்கோட்டில் அடிக்க, மேலே வயலின் ஒரு நூல் பிந்தியும் முந்தியும் போய்ச் சரியாகச் சமத்தில் வந்து விழுகிறது. மிருதங்கம் பழகின கை எண்டு தெரியுது.

கணக்கு விசயத்தைப் பார்க்க இன்னொரு பதிவு இருக்கிறது, இந்த அல்பத்தில் இல்லை. 1978 ஒக்ரோபர் 31, நியூயோர்க் பலேடியம் அரங்கு, ஸாப்பாவின் ஹலோவீன் கச்சேரி. ஷங்கர் விருந்தாளி. பாட்டின் பெயரே 'தேட்டீன்', பதின்மூன்று. ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று அடி. ஸாப்பா கணக்கைச் சனத்துக்கு எண்ணிக்காட்டிவிட்டுத்தான் தொடங்குகிறார். எங்கட முறையில் சொல்லிப் பாருங்கோ: 'தகதகிட' ஐந்து, 'தகதிமி தகஜுணு' எட்டு, மொத்தம் பதின்மூன்று. நாக்கில் வந்தால் காலிலும் வரும். 1992இல்தான் இது ஸாப்பாவின் நேரடிக் கச்சேரித் தொகுப்பின் ஆறாம் பாகத்தில் வெளிவந்தது.

மெஷுகாவைக் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று விளங்கும். கையில் சிம்பல் நாலு நாலாக நேராகப் போகும், காலும் கிற்றாரும் வேறொரு நீளமான சொற்கட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கும், இரண்டும் விலகி விலகிப் போய்க் கடைசியில் ஓரிடத்தில் சந்திக்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை வைத்து முடிக்கிறதுக்கும் இதுக்கும் அடிப்படையில் கனக்க தூரம் இல்லை. மெஷுகா இதை எங்களிடம் படித்தது என்று நான் சொல்லவில்லை. எங்கட வீடுகளில் எல்லாமே எங்களிட்ட இருந்துதான் போனது எண்டு சொல்லுற மாமாமார் இருக்கினம், அந்த வேலை எனக்கு வேண்டாம். ஆனால் இந்த இரண்டு கணக்கும் ஒரே மனிதரின் கைக்குள் 1978இலேயே இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அல்பம் ஏன் கவனிக்கப்படாமல் போனது? 1979இல் ஸாப்பாவே தன் பெயரில் வெளியீடுகளைக் குவித்துக்கொண்டிருந்தார். 'ஷீக் யெர்பூட்டி', 'ஜோஸ் கறாஜ்' இரண்டும் அதே வருசம், அதே நிறுவனம். அவற்றின் நிழலில் ஒரு வயலின்காரரின் அல்பத்தை யார் பார்ப்பது? அதோடு அது பங்க் காலம். நீளமான சோலோ வாசிப்பது குற்றம் மாதிரி இருந்த வருசங்கள். ஸாப்பா ரசிகர்களுக்கு இது ஸாப்பாவின் பக்கக் கதை. ஜாஸ் ஆட்களுக்கு ஷங்கர் என்றால் சக்தி. கர்நாடகச் சபைகளுக்கு இந்த அட்டையையும் இந்த வரிகளையும் உள்ளே விடவே ஏலாது.

எங்களுக்கு? இலங்கைத் தமிழ் ஜனரஞ்சக இசை வரலாறு என்று எங்கேயாவது எழுதினால் அது நித்தி கனகரத்தினத்தில் தொடங்கி ஏ. ஈ. மனோகரனில் முடியும். இரண்டு பேரும் எனக்கும் விருப்பம், 'சுராங்கனி' போட்டால் ஆடாமல் இருக்கேலாது. ஆனால் பொப்புக்கு வெளியில் எங்களுக்கு ஒரு றொக் வரலாறே இல்லை என்பது போலப் பேசிக்கொண்டிருக்கிறோம். கொழும்பில் ஸ்டிக்மாட்டா மாதிரிக் குழுக்கள் வந்த பிறகு மெற்றல் இங்கேயும் இருக்கிறது, ஆனால் அந்த மேடைகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ப் பெடியளும் பெட்டையளும் அங்க விருந்தாளி மாதிரித்தான் நிற்கிறம். வெள்ளவத்தையில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வயலின் பழகுகிற பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பிடித்துப் பழகின பிள்ளையும் ஒரே பஸ்ஸில் போகினம், ஆனால் ஒருத்தரின் வாத்தியம் மற்றவருக்கு எதிர்முகாம். பரீட்சை முடிந்ததும் வயலின் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

ஷங்கர் எங்கட ஆளா எண்டு ஒரு சண்டை வரும், தெரியும். பிறந்தது சென்னை, தாய் தகப்பன் இந்தியா, இங்கே இருந்தது எட்டு வயது வரைக்கும். ஆனால் முதல் பாட்டு, முதல் வயலின், முதல் மிருதங்கம், முதல் கச்சேரி எல்லாம் அந்த எட்டு வயதுக்குள் நடந்தவை. ஒரு இசைக்காரருக்கு ஊர் என்றால் பாஸ்போட் இல்லை, காது திறந்த இடம் என்பது என் எண்ணம். மறுக்கிறவை மறுக்கலாம்.

1979க்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. இரண்டு கழுத்துள்ள, பத்துத் தந்தி மின்வயலின் ஒன்றைச் செய்வித்தார். டபுள் பாஸின் அடித்தொனியில் இருந்து வயலினின் உச்சம் வரை அதற்குள் அடங்கும். அதை வைத்து 1981இல் வந்த 'ஹூஸ் ரு நோ' முழுக்க முழுக்க கர்நாடகம், மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன். அதே வருசம் வந்த பில் கொலின்ஸின் 'ஃபேஸ் வல்யூ'விலும் அவருடைய வயலின் இருக்கிறது. பீற்றர் கேப்ரியலோடு 1989இல் 'பாஷன்', 1993இல் இத்தாலியில் படமாக்கப்பட்ட 'சீக்றெற் வேர்ல்ட்' மேடை. 'ராகா ஆபேரி' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கிற்றார் ஆட்களுக்கு இன்னொன்று. 1986இல் ஷங்கரும் கரோலைனும் 'தி எப்பிடெமிக்ஸ்' என்ற பெயரில் ஒரு அல்பம் போட்டார்கள், ஜேர்மனியின் ஈ.சி.எம். வெளியீடு. ஜாஸுக்கும் அமைதிக்கும் பெயர் போன அந்த நிறுவனத்தில் இப்படியொரு பொப்-றொக் அல்பம் எப்படி வந்தது என்று ஆச்சரியம்தான். அதில் கிற்றார் வாசிக்கிறவர் ஸ்ரீவ் வாய். ஸாப்பாவிடம் வேலை செய்து, அல்கற்றாஸ் குழுவில் மால்ம்ஸ்டீன் விட்ட இடத்தில் நின்று, டேவிட் லீ றொத்தோடு உலகம் முழுக்கத் தெரியவந்த அதே வாய். அவர் கிற்றாரில் தந்தியை வளைக்கிற இடங்களையும் பக்கத்தில் ஷங்கர் வில்லை இழுக்கிற இடங்களையும் ஹெட்போனில் மாறி மாறிக் கேளுங்கோ. அதுக்குப் பிறகு 'டார்லீன்' போடுங்கோ, பிறகு 'ஜோய்'. நேரம் இருந்தால் கடைசியா 'கோல் ஃபோர் த பிறீஸ்ற்'.